இழுத்தால் இறுகும்

டிரேயின் ஒரு மூலையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள் பாப்பா. மருந்துக்குள் கிடந்த போட்டோ பேப்பரில் முதலில் தலைமுடி வந்தது. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு நிழல்கள் வந்தன. அடுத்து முகம் வரவேண்டும். அதற்குப் பதில் பேப்பர் முழுவதும் ஒரே சீராகச் சாம்பல் பூத்து, இதற்குமேல் நகரமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. இடுக்கியால் எடுத்து அடுத்த டிரேக்களில் முக்கி, பேப்பர் டப்பாவை மூடிவிட்டு வெள்ளை லைட்டைப் போட்டுப் பார்த்தாள்.

கழுநீர். கழுநீருக்குள் யாரோ ஒரு பெண்மணி மூழ்கிக்கொண்டிருந்தாள்.

அது அம்மா என்று யாராவது சத்தியம் செய்தால்தான் நம்ப முடியும். முன்னறையில் வெள்ளைத் துணியில் கிடத்தியிருக்கும் அம்மாகூட இதைவிடத் தெளிவாக இருந்தாள்.

நாற்பதைத் தாண்டியும் வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பாதான். வெளியூரில், ஒரு பத்திரிகை ஆபீஸின் டார்க் ரூமில், மந்திரியின் மொட்டைத் தலையையும் அதற்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டிச் சம்பளம் வாங்குகிறவள். நேற்றுக் காலை கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, வாயில் கவ்விய கிளிப்போடு அப்படியே சரிந்துவிட்டாள் என்று போன் வந்தது. சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். இன்று மதியம் வண்டி வந்துவிடும். அதற்குள் தலைமாட்டில் வைக்க அம்மாவின் படம் ஒன்று வேண்டும்.

அப்பா ஸ்டூடியோ வைத்து ஊருக்கெல்லாம் படம் எடுத்த இந்த வீட்டில் அம்மாவுக்குப் படம் இல்லை. இல்லை என்றும் சொல்லமுடியாது. அம்மாவை அப்பா எப்போதும் ரோலின் கடைசியில்தான் எடுப்பார். "ரோல்ல ஒண்ணு மிச்சம் இருக்கு, அப்படியே நில்லு" என்பார். அவளும் கையில் இருப்பதோடு அப்படியே நிற்பாள். கடைசி ஃப்ரேம் என்பதால் பாதிப் படங்களில் அவளுக்குக் காது இருக்காது, மீதியில் கழுத்தோடு பிலிம் முடிந்திருக்கும். முழுதாக விழுந்தது இந்த ஒன்றுதான்: கொல்லைப்புறத்தில், மேகம் மூடிய நாளில், காயும் வெள்ளைப் போர்வைக்கு முன்னால், சேலைக்கு மேல் மாட்டிய வெள்ளைச் சட்டையில். வெள்ளைக்கு முன்னால் வெள்ளை, அதற்கு மேல் வெயிலும் இல்லை. நெகட்டிவ் தண்ணி மோர் மாதிரி இருந்தது. இருக்கட்டும். இதைவிட மோசமான நெகட்டிவெல்லாம் அவளிடம் வந்து, மறுநாள் முதல் பக்கத்தில் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றிருக்கின்றன.

இரண்டாம் நம்பர் பேப்பரில் போட்டாள். சாம்பல். வெளுப்பையும் கறுப்பையும் இழுத்துப் பிரிக்கும் நாலாம் நம்பரில் போட்டாள். கொஞ்சம் கறுத்த சாம்பல். மருந்தில் தண்ணீரைக் குறைத்துக் காரமாகக் கலக்கினாள், வெந்நீர் டப்பாவில் வைத்துச் சூடேற்றினாள், நெகட்டிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரின் லென்ஸைக் கழற்றித் துடைத்தாள். லென்ஸிலிருந்து வந்த அழுக்கைப் பார்த்தபோது வியாதி இதுதான் என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. இல்லை. சுத்தமான சாம்பல் வந்தது, அவ்வளவுதான்.

கதவைத் தட்டாமல் தொண்டையைச் செருமினார் அப்பா. அது அவர் தட்டும் முறை.

"பேப்பர் மூடியிருக்கு, வாங்க."

அப்பா கதவைப் பாதி திறந்து நின்றார். டார்க் ரூமுக்கு அவர் வைத்திருந்த பெயர் கருவறை. ஊர்க்காரர்கள் டார்க் ரூம் என்பார்கள். அம்மா, இருட்டு ரூம் என்பாள். "இருட்டு ரூம்ல இருக்கார், கூப்பிடட்டுங்களா?" என்று வாசலில் வந்தவர்களிடம் அவள் சொல்லும்போதெல்லாம், கருவறையில் எழுந்தருளியிருந்தவர் உள்ளேயிருந்து நெளிவார்.

சாம்பல் பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தானே வந்திருக்கு."

"என்னப்பா நல்லா வந்திருக்கு? மூக்கு எங்க இருக்கு, சொல்லுங்க."

"மூக்கத் தேடக்கூடாதும்மா. உணர்ச்சியத் தேடணும்." நேற்றிலிருந்து அழாத கண்களால் பிரிண்டையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "கறுப்பும் வெளுப்பும் சண்டைக்காரங்க. நடுவுல நின்னு சமாதானம் பேசறதுதான் கலை."

இதை அவர் முதல்முறை சொல்லவில்லை. புகைப்படக் கலைஞர் சங்க மேடையில் சொல்லி, அதற்காகவே 'மென்மைச் செம்மல்' என்று ஒரு பட்டமும், தாமிரம் மாதிரி தெரியும் ஒரு கேடயமும் வாங்கியிருந்தார். ஸ்டூடியோவின் இடது சுவரில் அவருடைய ஆரம்பகாலப் படங்கள் தொங்கும்: மை மாதிரிக் கறுப்பு, சோறு மாதிரி வெள்ளை. வலது சுவரில் எல்லாம் பனி. வருகிறவர்களிடம் இடதைக் காட்டி "இளமை முரட்டுத்தனம்" என்பார். வலதைக் காட்டி "கனிஞ்ச காலம்" என்பார். முகப்பரு வந்த கல்யாணப் பெண்களும் அவர்களைப் பெற்றவர்களும் கனிந்த காலத்தைத் தேடி வெளியூரிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

"உங்களுக்குச் சமாதானம்ப்பா. எனக்கு அம்மா மூஞ்சி வேணும்."

"பத்திரிகை ஆபீஸ்ல இருந்து இருந்து உன் கண்ணு கெட்டுப்போச்சு" என்றார் அப்பா, கோபமில்லாமல். "இத ஃப்ரேம்ல போடச் சொல்றேன். போதும், வா வெளிய."

பிரிண்டோடு போய்விட்டார். அம்மா செத்த வீட்டில்கூட ஒரு வாக்குவாதத்தை முழுதாக முடிக்க விடாத மனிதர்.

பாப்பா கதவை அடைத்துத் தாழிட்டாள். மேல்தட்டில் ஐந்தாம் நம்பர் பேப்பர் ஒரு டப்பா இருந்தது. கனிந்த காலத்தில் யாரும் தொடாததால் மூடியில் தூசி. திறந்தால் மூன்றே மூன்று தாள். முன்சுவரில் இருந்த பெட்டி விளக்கின், பேப்பரைக் கெடுக்காத சிவப்பு வெளிச்சத்தில் ஒரு தாளை எடுத்து, சோதனைக்காக ஓரத்தில் ஒரு துண்டை மட்டும் கத்தரித்தாள். மீதித் தாளை மேஜையில் மல்லாத்தி வைத்து, அது சுருளாமல் இருக்கக் கத்தரிக்கோலை மேலே வைத்தாள். சோதனைத் துண்டுக்கு என்லார்ஜரில் வெளிச்சம் காட்டி மருந்தில் போட்ட நேரத்தில் கதவு அதிர்ந்தது. இது அத்தை. அப்பாவின் தங்கைக்குக் கதவு என்பது தட்டுவதற்கல்ல, அறைவதற்கு.

"பாப்பா! ஏ பாப்பா! கத்தரிக்கோல் உள்ளயா இருக்கு?"

"இருக்கு அத்தை."

"குடு."

"இப்பக் கதவத் தெறக்க முடியாது. பேப்பர் வெளிய இருக்கு."

"பேப்பர் வெளிய இருந்தா எடுத்து உள்ள வையேன். அதுக்கு ஒரு ஆளா?"

"வெளிச்சம் பட்டாக் கெட்டுப்போயிடும் அத்தை."

"இங்க எங்கடி வெளிச்சம்? பாவி ஜனம் பூரா ஜன்னல அடைச்சுக்கிட்டு நிக்குது. உங்கம்மா நல்ல துணியெல்லாம் மூட்டையாக் கட்டி பரண்ல போட்டு வச்சிருக்கா. அதுல ஒண்ண எடுத்து அவளுக்கு உடுத்தலாம்னு பாத்தா, அந்த முடிச்சு! பல்லால கடிச்சு என் பல்லுதான் ஆடுது."

அம்மா முடிச்சு. அந்த வீட்டில் அது ஒரு தனி இனம். சாப்பாட்டுத் தூக்கு, பழைய பேப்பர் கட்டு, ஊருக்குப் போகும் பெட்டி, எதை அம்மா கட்டினாலும் இரண்டு சுற்று சுற்றி, வாலை வயிற்றுக்குள் சொருகி ஒரு முடிச்சுப் போடுவாள். அவிழ்த்தவர் யாருமில்லை. ஹாஸ்டலில் பாப்பாவுக்கு வந்த பார்சல்களையெல்லாம் பிளேடால் அறுத்துத்தான் திறந்திருக்கிறாள். எப்படி அவிழ்ப்பது என்று கேட்டால், "அவுக்கறதுக்கா கட்டறது?" என்பாள் அம்மா.

"கொஞ்சம் பொறுங்க அத்தை. இத முடிச்சிட்டுக் குடுக்கறேன்."

"முடிச்சிட்டா? அங்க ஒரு முடிச்சு, இங்க ஒரு முடிச்சு. நல்ல குடும்பம்!"

அத்தை போன இடத்தில் இன்னொரு குரல் வந்து நின்றது. சங்கத்தின் செயலாளர். வேறு பெயர் அவருக்கு இருந்திருக்கலாம். அவர் மனைவிகூட அவரைச் செயலாளர் என்றுதான் குறிப்பிடுவாள் என்று கேள்வி.

"தங்கச்சி, தொந்தரவு பண்றேன்னு நினைக்கக்கூடாது. இரங்கல் உரையில ஒரே ஒரு வார்த்தை. அம்மாவை 'மென்மையின் மறுபாதி'ன்னு போடறதா, 'மென்மையின் மூலவூற்று'ன்னு போடறதா?"

"எதாவது போடுங்க சார்."

"எதாவது போட முடியாதே தங்கச்சி. செம்மலோட துணைவியார்! மறுபாதின்னா கொஞ்சம் வழக்கமா இருக்கு. மூலவூற்றுன்னா கொஞ்சம் மிகையா இருக்குமோன்னு..."

"அம்மாவுக்கு மென்மையும் கிடையாது, ஊற்றும் கிடையாது. பால்காரரு தண்ணி ஊத்தினா வாசல்லயே நிக்கவச்சுக் கேள்வி கேக்கறவங்க."

"ஆஹா" என்றார் செயலாளர். "அந்தக் கண்டிப்புலயும் ஒரு மென்மை பாருங்க." சிறிது நேரம் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். பிறகு காலடிகள் நகர்ந்தன.

சோதனைத் துண்டு இதற்குள் மருந்தில் ஊறி எருமைக் கன்று நிறமாகியிருந்தது. பாப்பா பல்லைக் கடித்தாள். கணக்கை மனசாலேயே போட்டு, கத்தரிக்கோலை நகர்த்திவிட்டு, மேஜையில் கிடந்த தாளை எடுத்து என்லார்ஜருக்கடியில் வைத்தாள். வெளிச்சம் காட்டினாள். மருந்தில் போட்டாள். மூலையைத் தூக்கி இறக்கினாள்.

தலைமுடி வந்தது. நிழல்கள் வந்தன. சாம்பல் வந்தது. இந்தமுறை முன்னைவிடத் தடித்த சாம்பல். "போயேன் அப்பால" என்று வாய்விட்டே சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அப்போதுதான் அம்மாவின் கழுத்துக்குக் குறுக்கே அதைப் பார்த்தாள்.

ஒரு கத்தரிக்கோல்.

வாயைத் திறந்த ஒரு கத்தரிக்கோல், இரண்டு கைப்பிடி வளையங்களோடு, அம்மாவின் கழுத்திலிருந்து தோள்வரை வெள்ளையாகப் படுத்திருந்தது. பிரிண்டைக் கழுவி, டப்பாவை மூடி, வெள்ளை லைட்டைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். அலகின் உருவத்துக்குள்ளே மட்டும் அம்மாவின் சட்டைக் காலர் பளிச்சென்று இருந்தது. தையல் தெரிந்தது. காலருக்கு மேலே ஒரு விரற்கடை கழுத்து தெரிந்தது, அதில் ஒரு மச்சம் தெரிந்தது. கத்தரிக்கோல் மூடியிருந்த இடத்தில் அம்மா இருந்தாள். மூடாத இடத்தில் கழுநீர் இருந்தது.

அத்தையும் செயலாளரும் கதவுக்கு வெளியே நின்று பேசிய நேரமெல்லாம் அந்தத் தாளின் மேல் பட்டுக்கொண்டிருந்த வெளிச்சம் ஒன்றே ஒன்றுதான்.

பாப்பா மெதுவாகத் தலையைத் தூக்கிப் பெட்டி விளக்கைப் பார்த்தாள். வெள்ளை லைட்டின் எதிரில் அது சாதுவாக எரிந்துகொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவிட்சை அணைத்து, முன்மூடியைத் திறந்தாள். சிவப்புக் கண்ணாடி இருக்கவேண்டிய சட்டத்தில் கண்ணாடி இல்லை. ஒரு மூலையில் மட்டும் சில்லு ஒன்று பல் மாதிரி நின்றது. உள்ளே சாதாரண பூஜ்ய பல்பு. அதைச் சுற்றி, நாலைந்து மடிப்பாக மடித்த சிவப்புத் துணி. கண்ணாடி மறிக்கும் வெள்ளை வெளிச்சம் துணியின் இழைகள் வழியே இத்தனை நாளும் கசிந்திருக்கிறது. துணி சூட்டில் பழுத்து ஓரம் பழுப்பேறியிருந்தது; உள்ளே பல்பு புதுசு மாதிரிப் பளபளத்தது.

துணியை அவளுக்குத் தெரியும். அம்மாவின் உள்பாவாடை. பண்டிகை, வெள்ளையடிப்பு எதற்கும் காத்திராமல் வாராவாரம் வீட்டின் தூசி முழுவதையும் அடிப்பவள் அம்மா. துடைப்பக் கட்டையின் பின்பக்கம் கண்ணாடியில் பட்டிருக்கும். அப்பாவின் கருவறைக்குள் அப்பாவின் விளக்கு. அப்போதைய அப்பா, டம்ளரை இடம் மாற்றி வைத்தாலே மூன்று நாள் பேசாதவர். அவள் சில்லுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, கையில் கிடைத்த சிவப்பைக் கிழித்துக் கட்டியிருக்கிறாள். கட்டு அவிழ்ந்துவிடாமல் இருக்க, இரண்டு சுற்று சுற்றி, வாலை வயிற்றுக்குள் சொருகி.

பாப்பா ஸ்டூலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். இடது சுவர், வலது சுவர். முரட்டுத்தனம், கனிந்த காலம். நடுவில் ஒரு துடைப்பக் கட்டை. மேடையில் மாலையோடு சமாதானம் பேசியவர், கேடயம், செம்மல், கல்யாணப் பெண்கள், அத்தனைக்கும் மூலவூற்று ஒரு பழைய பாவாடை. சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. சங்க விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்து, புருஷன் மென்மையைப் பற்றிப் பேசப் பேச, எல்லாம் தெரிந்துகொண்டு அம்மா கைதட்டியிருக்கிறாள். வெள்ளைத் துணியில் ஒரு பொட்டுக் கறை இருந்தால் மறுபடி நனைத்துப் போடுகிற பொம்பளை, இத்தனை வருஷம் இந்தச் சாம்பலை அலசி அலசிக் காயப்போட்டிருக்கிறாள், வாயைத் திறக்காமல்.

சொல்லிவிடவேண்டும். இன்றைக்கே. செயலாளர் மைக்கில்லாமல் முழங்கிக்கொண்டிருக்கும்போதே, எல்லார் முன்னாலும்.

வெள்ளை லைட்டை அணைத்தாள். பெட்டி விளக்கைப் போடவில்லை. டார்க் ரூம் வெகுகாலத்துக்குப் பிறகு டார்க் ரூமாயிற்று. அம்மா வைத்த பெயர்தான் சரி: இருட்டு ரூம். தடவித் தடவி ஒரு தாளை எடுத்தாள், தடவிச் சட்டத்தில் பொருத்தினாள். என்லார்ஜரில் சில நொடிகள் அம்மாவின் முகம் தலைகீழ் நிறத்தில் மின்னி அணைந்தது. மருந்தில் போட்டாள். எதுவும் தெரியவில்லை. டிரேயின் மூலையைத் தூக்கி இறக்க, மருந்து இருட்டில் சளக் சளக்கென்றது. கதவுக்கப்பால் யாரோ நாற்காலி இழுத்தார்கள். அத்தை யாரையோ அதட்டினாள். விரல் நுனிக்குக் கீழே பேப்பர் வழுக்கிக்கொண்டிருந்தது. அதில் அம்மா வருகிறாளா இல்லையா என்று தெரியாமலேயே ஆட்டிக்கொண்டிருந்தாள்.

லைட்டைப் போட்டபோது அம்மா வந்திருந்தாள்.

சட்டை, துவைத்த வெள்ளை. பின்னால் போர்வை வேறு ஒரு வெள்ளை. இரண்டுக்கும் நடுவில் கறுத்த, எலும்பெடுத்த, ஒரு கன்னம் சற்றே ஒடுங்கிய முகம். வலது மணிக்கட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. கையில் துணிக் கிளிப். சாம்பலில் எப்போதும் ஒரு சாந்தமான புன்னகையாகத் தெரிந்த உதடுகள் புன்னகைக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்தன. புருவம் நடுவில் முடிச்சிட்டிருந்தது. 'எடுக்கறதுன்னா எடுத்துத் தொலைங்க, அடுப்புல வச்சிருக்கேன்' என்று சொல்வதற்கு ஒரு நொடி முந்தைய முகம்.

பாப்பா அதைக் கழுவி, ஈரத்தோடு கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்றுகூடத் தயாராக இருந்தது: 'செயலாளர் சார், ஒரு விளக்கு பத்திச் சொல்லணும்.'

முன்னறையில் அம்மாவின் தலைமாட்டில் சாம்பல் படம் ஏற்கனவே ஃப்ரேமுக்குள் ஏறியிருந்தது. பாப்பா கையிலிருந்ததை நீட்டினாள். முதலில் குனிந்தவர் செயலாளர்.

"தங்கச்சி... கொஞ்சம் கடுமையா இருக்கோ? அம்மா எவ்வளவு சாந்தம்!"

"யாரு, எங்க அண்ணியா?" துணி மூட்டையை மடியில் வைத்துப் போராடிக்கொண்டிருந்த அத்தை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் மூட்டையை மறந்தாள். "அட, இவதாண்டி. இன்னும் எத்தன பேருக்குக் காபி போடணும்னு கேக்கற மூஞ்சி." வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா வாங்கிக்கொண்டார். படத்தைப் பார்த்தார், கிடத்தியிருந்தவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மென்மையைப் பற்றி ஏதாவது சொல்வார், சொல்லட்டும் என்று காத்திருந்தாள் பாப்பா. சொன்னதும் சொல்லிவிடலாம்.

"எப்படிப் போட்ட?"

"லைட்ட அணைச்சிட்டு."

அப்பா தலையை ஆட்டினார். ஏனென்று கேட்கவில்லை.

"நான் 'மூலவூற்று'ன்னே வச்சுக்கிட்டேன்" என்றார் செயலாளர், பொதுவாக. "மிகையா இருந்தாப் பரவால்ல." பாப்பா வாயைத் திறந்தாள்.

"ஏண்டி, கத்தரிக்கோலக் கையில வச்சுக்கிட்டே நிக்கறியே, குடேன்" என்றாள் அத்தை. "வண்டி வந்துடும். இந்தக் கயிறு இழுக்க இழுக்க..."

"இழுக்காத" என்றார் அப்பா. "இழுத்தா இறுகும். இங்க குடு."

படத்தைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். மூட்டையைத் தன் பக்கம் திருப்பி, முடிச்சின் தலையைத் தேடிப் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் உள்ளே தள்ளினார். ஒருமுறை. வயிற்றுக்குள் சொருகியிருந்த வால் தானாக நெளிந்து வெளியே வந்தது. அதைச் சுண்டுவிரலில் மாட்டி எடுத்தார். கயிறு அவிழ்ந்து விழுந்தது.

அத்தைக்கு வாய் மூடவில்லை. "அண்ணே! உனக்கு எப்படித் தெரியும் இது? அண்ணி யாருக்கும் சொல்லித் தரமாட்டாளே!"

"சொல்லித் தரல."

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, கேள்வி கேட்டவளைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"விளக்குல பல்பு அப்பப்ப பியூஸ் போகுமில்ல. அவுத்துத்தானே மாத்தணும்."

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்தில் அண்ணனுக்குப் பேச்சு குழறுகிறது என்று நினைத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூட்டையிலிருந்து ஒவ்வொரு துணியாக எடுத்து உதறத் தொடங்கினாள். செயலாளர் உரையை நாலாக மடித்துப் பையில் வைத்து, மறுபடி எடுத்தார். பாப்பாவின் வாய் திறந்தபடியே இருந்தது. அதை மூடினாள். கத்தரிக்கோலைப் போய் ஜன்னல் மேடையில் வைத்தாள்.

அப்பா எழுந்து, ஃப்ரேமின் பின்பக்க ஆணிகளைத் திருப்பி, சாம்பல் படத்தை வெளியே எடுத்தார். பாப்பாவின் கையிலிருந்த புதுப் படத்தை இரண்டு மூலையிலும் பிடித்து வாங்கி, ஈரம் வடிய ஒருக்களித்துப் பிடித்தார். கீழ் ஓரத்தில் ஒரு துளி திரண்டு நின்றது. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது, எல்லோரும் திரும்பினார்கள். அவர் திரும்பாமல், அந்தத் துளி விழட்டும் என்று காத்திருந்தார்.